படியெடுத்தவர்கள்: அரியலூர் மண்ணும் ஒரு மொழியின் தொடர்ச்சியும்

ஒரு மொழி எங்கே, எப்போது பிறந்தது என்ற கேள்வி அறிஞர்களின் மேசையோடு நின்றுவிடுவதில்லை. 2021 ஜூலையில் ரஷ்ய அதிபர் விளாடிமிர் புதின் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள், பண்டைய கீவ் அரசே இருவருக்கும் பொது மூலம் என்பது அதன் வாதம். அடுத்த பிப்ரவரியில் போர் மூண்டது. மொழி வரலாற்றை யார், எப்படி எழுதுகிறார்கள் என்பதில் மக்களின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன.

தமிழின் தோற்றம் பற்றிப் பேசும்போது நம் கவனம் பெரும்பாலும் வயதின் மேல்தான் நிற்கிறது. கீழடி எந்த நூற்றாண்டு, தமிழி எழுத்து எப்போது தொடங்கியது, தொல்காப்பியம் எவ்வளவு பழையது என்று கேட்கிறோம். அவை தேவையான கேள்விகள். ஆனால் அவற்றுக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அவ்வளவு பழைய மொழி அறுபடாமல் நம் கைக்கு எப்படி வந்தது? இதற்கு விடை தேட மதுரைக்கோ தஞ்சைக்கோதான் போக வேண்டும் என்பதில்லை. சிமெண்ட் ஆலைகளுக்கும் தொல்லுயிர்ப் படிமங்களுக்கும் பேர்போன அரியலூர், பெரம்பலூர் வட்டாரமே போதும். கல்வெட்டு, இலக்கணம், அகராதி, திண்ணைப் பாடம், மொழிப் போராட்டம் என்று தமிழ் மரபின் எல்லாப் படிகளும் இங்கே சில மணி நேரப் பயண தூரத்துக்குள் கிடைக்கின்றன. உக்ரைனிய மொழியின் வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தப் படிகளின் அருமை இன்னும் நன்றாகப் புலப்படும்.

பொது முன்னோர் யாருக்குச் சொந்தம்?

உக்ரைனியத்தின் தோற்றம் பற்றி இரண்டு பெரிய கருத்துகள் உண்டு. அலெக்சேய் ஷாக்மதோவ் போன்றோர் வழிவந்த கருத்து, ரஷ்யம், உக்ரைனியம், பெலாரூசியம் மூன்றும் கீவ் அரசுக் காலத்தில் ஒரே கிழக்கு ஸ்லாவிய மொழியாக இருந்து பின்னர் பிரிந்தன என்கிறது. இதை மறுத்தவர்களில் முதன்மையானவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் ஷெவெலோவ். உக்ரைனியத்தின் ஒலி வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 1979இல் அவர் வெளியிட்ட நூல், கீவ் அரசு தோன்றுவதற்கு முன்பே வட்டார வழக்குகள் தத்தம் வழியில் நடக்கத் தொடங்கிவிட்டன என்று வாதிட்டது. ரஷ்யர் 'கோன்' என்னும் குதிரையை உக்ரைனியர் 'கின்' என்பார்கள். மூடிய அசையில் ஒகரம் இகரமாவது போன்ற மாற்றங்களை நூற்றாண்டு வாரியாக அடுக்கி அவர் தம் வாதத்தைக் கட்டினார்.

இந்த வழக்கு நமக்கு அந்நியமானதல்ல. தமிழும் மலையாளமும் இதே போன்ற உறவில் நிற்பவை. சிலப்பதிகாரமும் பதிற்றுப்பத்தும் சேர நாட்டோடு தொடர்புடையவை. அவற்றைத் தமிழர் தமிழ் இலக்கியம் என்கிறோம். மலையாளிகள் தங்கள் முன்னோரின் சொத்து என்கிறார்கள். மலையாளத்தின் மிகப் பழைய சான்றாகப் பலரும் கொள்ளும் வாழப்பள்ளிச் சாசனம் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காலப்போக்கில் மலையாளம் வினைமுற்றிலிருந்து திணை, பால், இட விகுதிகளை உதிர்த்துக்கொண்டு தனி வழி நடந்தது. 14ஆம் நூற்றாண்டின் லீலாதிலகம் அந்த மொழிக்கென்று தனி இலக்கணம் பேசும் அளவுக்குப் பிரிவு முதிர்ந்திருந்தது.

இந்தப் பொதுக் காலத்தின் தடங்களை அரியலூர் வட்டாரத்தில் பார்க்கலாம். 'பொன்னியின் செல்வன்' வழியாகத் தமிழ்நாடு முழுதும் அறிந்த பழுவேட்டரையர்களின் ஊர் பழுவூர். இன்று அது கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் என்று நீள்கிறது. கீழையூரின் அவனிகந்தர்வ ஈசுவர கிருகம் என்னும் இரட்டைக் கோயில் அவர்கள் எடுப்பித்தது. அன்பில் செப்பேடு, முதலாம் பராந்தகனுக்குப் பெண் கொடுத்த பழுவேட்டரையரைக் கேரள அரசர் என்று குறிக்கிறது. அதற்கும் முன்பே, 7ஆம் நூற்றாண்டில், பழுவூரைப் பாடிய திருஞானசம்பந்தர் அங்கே வழிபட்ட மலையாளரைப் பதிகத்திலேயே சேர்த்திருக்கிறார். சேர நாட்டிலிருந்து வந்தவர்கள் சோழ நாட்டின் நடுவில் குடியமர்ந்து, கோயில் கட்டி, கல்வெட்டில் தமிழ் எழுதியிருக்கிறார்கள்.

கொள்ளிடக் கரைக்கு அருகில் உள்ள காமரசவல்லியில் இன்னொரு சான்று இருக்கிறது. முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, திருவாதிரை விழாக்களில் சாக்கைக் கூத்து ஆடுவதற்காகச் சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்பவருக்கு நிலம் விட்ட செய்தியைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் முன்னிலையில் ஆடியவனும் ஒரு சாக்கையனே. தமிழ்நாட்டில் அந்தக் கூத்து மறைந்துவிட்டது. கேரளத்தில் சாக்கியார் கூத்தாகவும் கூடியாட்டமாகவும் அது வாழ்கிறது. கூடியாட்டத்தை 2001இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. கல்வெட்டுச் சான்று நம்மிடம், கலை அவர்களிடம். பொது முன்னோரின் சொத்தைப் பாகம் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மூலம் பொது என்பதால் பின்வந்த மொழிகளில் ஒன்று பொய்யாகிவிடாது. மலையாளத்துக்குத் தமிழன் தரும் இந்த மரியாதையைத்தான் உக்ரைனியர் தங்கள் மொழிக்குக் கேட்கிறார்கள்.

ஒரே காலத்தின் இரு தலைநகரங்கள்

கங்கைகொண்ட சோழபுரமும் கீவ் நகரமும் ஒரே தலைமுறையில் உயர்ந்தவை. கங்கைப் படையெடுப்பின் வெற்றிக்குப் பின் 1025ஆம் ஆண்டையொட்டி இராசேந்திரன் தன் தலைநகரை இங்கே மாற்றினான். 1044 வரை அவன் ஆண்டான். கீவில் 1019 முதல் 1054 வரை ஆண்ட அறிஞன் யாரோஸ்லாவ் புனித சோபியா பேராலயத்தை எழுப்பினான். அந்தப் பேராலயம் 1990இலும், கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் 2004இலும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன.

மொழி வரலாற்றுக்கு இவற்றின் கோபுரங்களைவிடச் சுவர்களே முக்கியம். சோபியா பேராலயத்தின் உட்சுவர்களில் வழிபட வந்தவர்கள் கீறிய நூற்றுக்கணக்கான சிறு எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, போயான் என்பவரின் நிலத்தை ஓர் இளவரசி விலைக்கு வாங்கிய செய்தி. அக்காலத்தில் கீவின் உயர் எழுத்து மொழி, பல்கேரிய மண்ணிலிருந்து வந்த திருச்சபை ஸ்லாவோனியம். அதையும் மீறிச் சுவர்க் கீறல்களில் உள்ளூர்ப் பேச்சின் வடிவங்கள் எட்டிப் பார்க்கின்றன. உக்ரைனிய மொழி ஆய்வாளர்கள் அவற்றைத் தேடித் தேடித் தொகுத்தது அதனால்தான்.

சோழர் ஆவணங்களிலும் இந்த இரு தட்டு உண்டு. பெரிய செப்பேடுகளில் அரச குலப் புகழ் சமஸ்கிருதச் சுலோகங்களில் வரும். நிலத்தின் எல்லை, நீர்ப் பங்கு, வரி, கையெழுத்திட்டோர் பெயர் ஆகியவை தமிழில் வரும். மக்கள் வாழ்வைத் தொடும் இடத்தில் தமிழ் இல்லாமல் அரசு நடக்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துச் சுவரில் உள்ள வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு, கோயிலுக்கு விட்ட ஊர்களையும் நெல் வருவாயையும் வரிசையாகச் சொல்கிறது. இத்தகைய கல்வெட்டுகளில் 'கொடுத்தோம்' என்று இலக்கணம் கேட்கும் இடத்தில் 'குடுத்தோம்' என்று அடிக்கடி வருகிறது. இன்றும் நாம் அப்படித்தான் பேசுகிறோம். நம் பேச்சுத் தமிழைக் கொச்சை என்று ஒதுக்குபவர்கள், அது ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் ஏறிய வடிவம் என்பதை நினைக்க வேண்டும்.

ஆனால் இந்த வட்டாரத்தின் கல்வெட்டுகளில் என் மனத்தில் முதலிடம் பெறுவது திருமழபாடியில் உள்ளது. மூவர் தேவாரமும் பெற்ற இந்தக் கொள்ளிடக் கரைக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் இறுதிக் காலத்தில் ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகள் அனைத்தையும் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டார்கள். விமானம் எழுந்த பின், இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அவற்றைப் புதிய சுவரில் மறுபடி வெட்டினார்கள். ஓர் அரசன் தொடங்கிய பணியை அடுத்த அரசன் முடித்திருக்கிறான். தங்களுக்கு முன் யாரோ கொடுத்த சிறு விளக்கு தானமும், அதை எழுதிய சொற்களும் அழியக்கூடாது என்று கருதியிருக்கிறார்கள். மொழி மரபு எப்படித் தொடர்கிறது என்ற கேள்விக்கு என் விடை இந்தக் கல்வெட்டுதான். மரபு தானாக வாழ்வதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ உட்கார்ந்து படியெடுக்கிறார்கள், அதனால் வாழ்கிறது.

அந்த எண்ணம் அறுந்தபோது என்ன நடந்தது என்பதையும் இதே மண் காட்டுகிறது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்தின் மதில்களையும் மண்டபங்களையும் உடைத்துக் கல் எடுத்தார்கள். அந்தக் கற்களில் இருந்த எழுத்துகளை யாரும் படியெடுக்கவில்லை.

இலக்கணம், அகராதி, எழுத்து

பேச்சு மொழி தானே வளரும். எழுத்து மொழிக்கு ஒழுங்கு செய்பவர்கள் வேண்டும். இந்த வட்டாரத்தோடு தொடர்புடைய இரண்டு இலக்கணங்கள் தமிழ் வரலாற்றில் தனி இடம் பெற்றவை.

முதலாவது வீரசோழியம். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட வீரராசேந்திரனின் பெயரால் 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் என்ற பௌத்தர் இயற்றியது. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று ஐந்தையும் ஒரே நூலில் சொல்லும் மரபு நமக்குக் கிடைத்த அளவில் இதிலிருந்தே தொடங்குகிறது. சமஸ்கிருத இலக்கண முறையைத் தமிழுக்குப் பொருத்த முயன்றதால் பின்வந்தோர் பலர் இதை ஏற்கவில்லை. என்றாலும் ஒரு சைவ அரசனின் பெயரில் ஒரு பௌத்தர் தமிழுக்கு இலக்கணம் எழுதினார் என்பதே அக்காலத் தமிழின் விரிவைச் சொல்கிறது. எட்டு நூற்றாண்டுக்குப் பின், 1881இல், யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை இதை அச்சேற்றிக் காத்தார்.

இரண்டாவது, 1730இல் எழுந்த தொன்னூல் விளக்கம். அதுவும் ஐந்திலக்கணம். எழுதியவர் இத்தாலியின் காஸ்திலியோனேயில் 1680இல் பிறந்து, 1710இல் இந்தியா வந்த இயேசு சபைத் துறவி கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, தமிழருக்கு வீரமாமுனிவர். அரியலூரை அடுத்த ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலை நிறுவிப் பணியாற்றினார். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அதன் மேல் கலம்பகமும் பாடினார். தேம்பாவணி என்னும் பெருங்காப்பியமும் அவருடையது. பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் அவர் எழுதிய இலக்கணத்தை, சமய வாதத்தில் அவருக்கு எதிரணியில் நின்ற தரங்கம்பாடி லுத்தரன்களே தங்கள் அச்சகத்தில் அச்சிட்டார்கள்.

அவருடைய இரண்டு பணிகள் இன்றும் நம் அன்றாடத்தில் இருக்கின்றன. ஒன்று, 1732இல் முடித்த சதுரகராதி. பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பகுதிகளில், செய்யுள் நிகண்டை மனப்பாடம் செய்யாதவரும் சொல்லைத் தேடி எடுக்கும்படி அகர வரிசையில் அமைந்தது. இன்னொன்று எழுத்துச் சீர்திருத்தம். பழைய எழுத்தில் எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி உண்டு. நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் அதை விட்டுவிடுவார்கள். எதுவென்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். வீரமாமுனிவர் வேறுபாட்டை நெடிலின் வடிவத்திலேயே வைத்தார். இரட்டைச் சுழிக் கொம்பும், ஏகார ஓகாரங்களின் இன்றைய வடிவமும் அப்படி நிலைபெற்றன. 1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது நீண்டதும் இதே வழிதான்.

உக்ரைனிலும் இந்தக் கட்டம் இருந்தது. 1556 முதல் 1561 வரை உருவான பெரெசோப்னித்சியா நற்செய்தி, மக்கள் பேச்சுக்கு நெருங்கிய நடையில் வேதத்தைக் கொண்டுவந்தது. 1627இல் பாம்வோ பெரிந்தா கீவில் அகராதி அச்சிட்டார். 1643இல் பாரிசில் படித்துக்கொண்டிருந்த இவான் உஷேவிச் தம் மக்களின் மொழிக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். ஆனால் ஓர் எழுத்தின் கதி அங்கே வேறாக இருந்தது. 1920களின் இறுதியில் மிகோலா ஸ்க்ரிப்னிக் தலைமையில் வகுத்த எழுத்து முறையை 1933இல் சோவியத் அரசு தள்ளியது. 'க' என்னும் மெல்லொலிக்கு உரிய ஓர் எழுத்து, ரஷ்ய நெடுங்கணக்கில் இல்லாதது, நெடுங்கணக்கிலிருந்தே நீக்கப்பட்டது. நெருக்குதலுக்கு ஆளான ஸ்க்ரிப்னிக் அவ்வாண்டே உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த எழுத்து 1990இல்தான் திரும்பியது. ஏலாக்குறிச்சியில் படிப்பவரின் வசதிக்காக எழுத்து மாறியது. கீவில் அதிகாரத்தின் வசதிக்காக எழுத்து மறைந்தது.

திண்ணையில் தொடர்ந்த பாடம்

19ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தின் பாளையங்கள் வலுவிழந்துகொண்டிருந்தன. ஆனாலும் புலவரையும் பாடகரையும் ஆதரிக்கும் வழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. உடையார்பாளையம் சமஸ்தானத்தில் இருந்த கனம் கிருஷ்ணையர், பெரிய திருக்குன்றத்தைச் சேர்ந்தவர். தமிழ்ப் பதங்கள் இயற்றிப் பாடியவர். அவர் உறவினரும் மாணவருமான வேங்கடசுப்பையரின் மகன்தான் உ. வே. சாமிநாதையர்.

1855இல் பிறந்த, உத்தமதானபுரத்தைச் சேர்ந்த சாமிநாதையரின் இளமையைச் செதுக்கியவை அரியலூரும் அதன் சுற்றூர்களும். தந்தை இராமாயணம் பாடிச் சொற்பொழிவு செய்ய, ஊரார் நெல்லும் காய்கறியும் கொடுத்துக் குடும்பத்தைக் காத்தார்கள். அரியலூர்ச் சடகோப ஐயங்காரிடம் சிறுவன் தமிழின் சுவை கண்டான். குடும்பம் குன்னத்துக்குப் பெயர்ந்தது. கார்குடி கஸ்தூரி ஐயங்காரிடம் இலக்கணப் பாடம் நடந்தது. பெரம்பலூர்ப் பக்கத்துச் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக் காரிகை சொல்லிக்கொடுத்தார். இவர்களில் யாரும் பெரும் பதவியில் இருந்தவர்களல்லர். தங்களிடம் இருந்த தமிழ் தீர்ந்ததும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போ என்று வழிகாட்டும் பெருந்தன்மை அவர்களுக்கு இருந்தது. 1871இல் சாமிநாதையர் பிள்ளையிடம் சேர்ந்தார். அதன் பின் நடந்ததை நாடறியும். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று ஏட்டில் இருந்தவை அச்சுக்கு வந்தன. சங்கத் தமிழை மீட்டவர் என்று அவரைப் போற்றும் நாம், அவருக்கு முதலில் எழுத்தும் இலக்கணமும் ஊட்டிய இந்த ஊர்களின் பெயரைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இதே ஆண்டுகளில் உக்ரைனில் என்ன நடந்தது? இவான் கொத்லியாரெவ்ஸ்கி 1798இல் பேச்சு மொழியில் எழுதிய 'எனெயிதா' புதிய இலக்கியத்தைத் தொடங்கிவைத்திருந்தது. பண்ணை அடிமையாகப் பிறந்த தாராஸ் ஷெவ்சென்கோ 1840இல் 'கொப்சார்' வெளியிட்டார். 1847இல் கைதாகி, எழுதவும் வரையவும் தடையோடு நாடு கடத்தப்பட்டார். 1863இல் ரஷ்ய உள்துறை அமைச்சர் வலுயெவ், பள்ளிக்கும் சமயத்துக்குமான உக்ரைனிய நூல்களைத் தடுத்தார். 1876இல் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் எம்ஸ் நகரில் இட்ட ஆணை, அந்த மொழியில் அச்சிடுவதையும், வெளியிலிருந்து நூல் வருவதையும், நாடகத்தையும், இசைக்குறிப்போடு வரும் பாட்டுச் சொற்களையும்கூடத் தடை செய்தது. எழுத்தாளர்கள் எல்லை கடந்து ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த லிவிவ் நகரில் அச்சிட்டார்கள். இவான் பிராங்கோவின் பணி அங்கேதான் நடந்தது. 1907 முதல் 1909 வரை நான்கு தொகுதிகளாக வந்த போரிஸ் ஹ்ரின்சென்கோவின் அகராதி, தடைக் காலம் முழுதும் பலர் சேர்த்துவைத்த சொற்களின் விளைவு.

ஆங்கிலேயர் தமிழை இவ்வாறு தடை செய்யவில்லை. புறக்கணிப்பும் வறுமையுமே இங்கே பகையாக நின்றன. இந்த வேறுபாட்டை மறைத்து ஒப்பிடுவது நேர்மையாகாது. ஆனால் அரசு ஆதரித்தாலும் எதிர்த்தாலும், மொழியைச் சுமந்தவர்கள் இரு நாட்டிலும் ஒரே வகை மனிதர்கள்: ஓலையோ தாளோ தேடி அலைந்தவர்கள், சொற்களைத் தொகுத்தவர்கள், கூலி எதிர்பாராமல் பாடம் சொன்னவர்கள்.

தீயில் முடிந்த உயிர்கள்

இந்த ஆய்வு ஒரு துயரத்தையும் தொட்டே ஆக வேண்டும். இந்தித் திணிப்பை எதிர்த்து 1964 ஜனவரி 25 அன்று திருச்சி ரயில் நிலையத்தருகே தீக்குளித்த சின்னசாமி, கீழப்பழுவூர்க்காரர். மொழிக்காகத் தமிழ்நாட்டில் நடந்த முதல் தீக்குளிப்பு அது. அடுத்த ஆண்டு போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1968இல் தமிழ்நாடு இருமொழிக் கொள்கையை ஏற்றது. உக்ரைனில் 1978 ஜனவரியில் ஒலெக்சா ஹிர்னிக், கானிவில் ஷெவ்சென்கோவின் கல்லறைக்கு அருகே, ரஷ்யமயமாக்கலை எதிர்த்துத் தீக்குளித்தார். 1989இல் அங்கே உக்ரைனியம் அரசு மொழியாகச் சட்டம் வந்தது.

இவர்களின் உணர்வை வணங்குகிறேன். ஆனால் எந்த மொழியும் தன் பிள்ளைகளின் உயிரைக் கேட்கக்கூடாது. தமிழுக்கு வேண்டியது வாழ்ந்து படித்து, வாழ்ந்து எழுதி, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் மனிதர்கள். ஒரு குடும்பம் தன் மகனை இழந்தபோதுதான் மொழி உரிமை மற்றவர் காதில் விழுந்தது என்றால், அது ஆட்சியில் இருந்தவர்களின் தோல்வி.

திரட்டிப் பார்த்தால்

அரசர்களின் ஆதரவால்தான் தமிழ் வாழ்ந்தது என்று ஒரு சாரார் சொல்வார்கள். சோழர் தலைநகர் அழிந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் இதே வட்டாரத்தில் சதுரகராதி எழுந்ததும் காரிகைப் பாடம் நடந்ததும் அதற்கு மறுப்பு. சமயமே காத்தது என்பார் வேறு சிலர். சைவர், வைணவர், பௌத்தர், கத்தோலிக்கர் என்று எல்லோரும் இங்கே தமிழுக்குச் செய்திருப்பதால், எந்த ஒரு சமயமும் அந்தப் பெருமையைத் தனியாகக் கொண்டாட முடியாது. மக்கள் பேசியதால் வாழ்ந்தது என்பது உண்மை. ஆனால் பேச்சு மட்டும் புறநானூற்றைக் காத்திருக்காது. பேச்சு மொழிக்கு உயிர் தருகிறது, படியெடுப்பு அதற்கு நினைவைத் தருகிறது. உக்ரைனியர் தடையைத் தாண்டியதும், நாம் புறக்கணிப்பைத் தாண்டியதும் இந்த இரண்டும் ஒன்றையொன்று விடாமல் இருந்ததால்தான்.

அப்படியானால் இன்று செய்ய வேண்டியது என்ன? திருமழபாடிக் கல்வெட்டுகளைத் தொல்லியல் துறையினர் 1895இல் மைப்படி எடுத்தார்கள், அச்சிலும் வந்தன. ஆனால் சிற்றூர்க் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்பும் சிமெண்டும் பூசப்பட்டு, மணல்வீச்சால் கல் தேய்ந்து, எழுத்துகள் போய்க்கொண்டிருக்கின்றன. கோயில் திருப்பணி தொடங்கும் முன் ஒவ்வொரு கல்வெட்டையும் படமும் படியும் எடுத்துப் பொதுவில் வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அரியலூர், பெரம்பலூர் மாவட்டப் பள்ளிகளில் தம் ஊர்க் கல்வெட்டு ஒன்றையாவது மாணவர் தாமே படிக்கக் கற்க வேண்டும். பழைய வீடுகளின் பரண்களில் கிடக்கும் ஓலைகளையும் கடிதங்களையும் பாட்டுக் கையேடுகளையும் பெற்று மின்படியாக்க ஓர் ஏற்பாடு வேண்டும். பழையதைப் படியெடுத்த பிறகே புதியதைக் கட்டுவது என்பது இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அரசாணையாக இருந்தது. அதற்குக் கேமராவும் கணினியும் இல்லாத காலத்தில் செலவும் உழைப்பும் பல மடங்கு. அன்று செய்ய முடிந்ததை இன்று செய்யாமலிருக்க நமக்கு எந்த நியாயமும் இல்லை.